வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வேண்டும் என்று கோச்சிடம் போகிறீர்களா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அக்கா, வேலை இருக்கு, வீடு இருக்கு, பாப்பா நல்லாப் படிக்கிறா. குறைன்னு எதையும் சொல்ல முடியல. ஆனா எதுலயும் ஒரு பிடிப்பு இல்ல. ஒரு லைஃப் கோச்சைப் பார்க்கலாமான்னு இருக்கு."

எங்கள் வங்கிக் கிளையில் என்னோடு வேலை பார்க்கும் 34 வயதுத் தோழி போன மாதம் இப்படிக் கேட்டாள். நான்கு வருடத்துக்கு முன்னால் ஏறக்குறைய இதே வார்த்தைகளோடுதான் நானும் ஒரு கோச்சிடம் போனேன். அப்போது எனக்கு வயது 42. வங்கியில் 19 வருடம் முடிந்திருந்தது. நாலரை மாதத்தில் எட்டு அமர்வுகள். எனக்கு உண்மையிலேயே நல்லது நடந்தது. அதற்கு முன்னால் தவறான இடத்தில் பணம் கட்டி ஏமாந்ததும் நடந்தது. மூன்று நாள் டீ இடைவேளையில் அவளிடம் சொன்னதையெல்லாம், புதிதாக இந்தப் பக்கம் வருகிற யாருக்கும் உதவட்டும் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாழ்க்கை நோக்கம் இதுதான் என்று எந்தக் கோச்சும் உங்கள் கையில் எடுத்துக் கொடுக்கமாட்டார். அது உங்களுடைய சாதாரண நாட்களுக்குள்ளேயே சிந்திக் கிடக்கிறது. அதைப் பொறுக்கி எடுக்கும்போதும், சின்ன அளவில் செய்து பார்க்கும்போதும் அவர் பக்கத்தில் நிற்பார். இந்த எதிர்பார்ப்போடு போனால் கொடுக்கிற பணம் வீண் போகாது.

கோச் என்ன செய்வார்

நம்மூரில் கோச்சிங் என்றால் நீட் கோச்சிங், டிஎன்பிஎஸ்சி கோச்சிங். அங்கே தெரிந்தவர் சொல்லித்தருவார், தெரியாதவர் படிப்பார். லைஃப் கோச்சிங்கில் அது ஏறக்குறையத் தலைகீழ். உங்கள் கேள்விக்கான பதில் கோச்சுக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அவர் கேட்பார், காது கொடுப்பார், நீங்கள் சொன்னதையே உங்களிடம் திருப்பிச் சொல்வார், செய்வதாகச் சொன்ன வேலையை அந்தத் தேதிக்குள் செய்தீர்களா என்று விசாரிப்பார்.

இந்தச் சொல் வந்த வழியும் பொருத்தமானதுதான். ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் செய்த குதிரை வண்டிகளால் அந்த ஊர்ப்பெயரே வண்டிக்குப் பெயரானது. ரயிலில் எஸ்-4 கோச் என்கிறோமே, அதே சொல். 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரை வண்டி என்று விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். போகவேண்டிய ஊரைப் பயணிதான் சொல்லவேண்டும்.

கோச்சிங்குக்குப் பக்கத்தில் வேறு உதவிகளும் இருக்கின்றன. உங்கள் துறையிலேயே முன்னே போனவரின் அனுபவம் வேண்டுமென்றால் மென்டர். பழைய காயம், துக்கம், தீராத பதற்றம் என்றால் உளவியலாளர். இந்த இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

முதலில் இதைப் பாருங்கள், பிறகு கோச்சைத் தேடுங்கள்

"பிடிப்பு இல்லை" என்ற இரண்டு வார்த்தைக்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கலாம். ஒன்று, வாழ்க்கை ஓடுகிறது, திசை மட்டும் தெரியவில்லை என்பது. இன்னொன்று மனச்சோர்வு நோய். இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் மனம் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் ஆசை வராதது, தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போவது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், செத்துப்போகலாம் என்ற நினைப்பு. இவை இருந்தால் போகவேண்டிய இடம் மருத்துவர். கோச்சிங் அதற்கு மருந்து ஆகாது. தள்ளிப்போட்டால் நோய்தான் முற்றும்.

இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. நல்ல கோச்சாக இருந்தால், உங்கள் பேச்சில் இந்த அறிகுறிகளைக் கண்டதும் அமர்வை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்வார். சொல்லாமல் அடுத்த அமர்வுக்குத் தேதி குறிக்கிறவரிடம் இருக்காதீர்கள்.

இரண்டு வாரம், ஒரு நோட்டு

கோச்சைத் தேடும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள், போனில் வேண்டாம். தினமும் ராத்திரி பத்து நிமிடம். அன்று செய்த வேலைகளில் ஆறேழை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்று விஷயம் குறியுங்கள். எவ்வளவு நேரம் ஆனது, முடித்தபோது உடம்பில் தெம்பு கூடியதா குறைந்ததா, அதனால் யாருக்கு என்ன ஆனது. தெம்பு கூடினால் கூட்டல் குறி, குறைந்தால் கழித்தல் குறி போதும். "இது என் நோக்கமா" என்று அந்த நோட்டில் எழுதவே கூடாது. காய்கறி வாங்கியது, மகனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது, மேலாளரோடு கூட்டம், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, எல்லாம் வரவேண்டும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. "எனக்கு என்ன பிடிக்கும்" என்று யோசித்தால் வருகிற பதிலும், நோட்டில் விழுகிற கூட்டல் குறியும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. நான் யோசித்தபோது வந்த பதில் வீணை. கல்யாணத்தோடு விட்டுப்போனது, அதனால் அதுதான் என் இழப்பு என்று இருபது வருடமாக நம்பியிருந்தேன். நோட்டு வேறு சொன்னது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோச்சைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. நாளைக் காலை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். அதனால் தேடுகிறவர்தான் விழிப்பாக இருக்கவேண்டும். இந்தத் தொழிலுக்கு உலக அளவில் சில அமைப்புகள் இருக்கின்றன. அதிகம் கேள்விப்படுவது 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, ஐசிஎஃப் என்பார்கள். அது மூன்று நிலைகளில் சான்று தருகிறது. ஏசிசி என்றால் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரம் ஆட்களோடு அமர்ந்த அனுபவமும். பிசிசி என்றால் 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். எம்சிசி என்றால் 200, 2,500. சான்று உள்ளவர்களின் பெயரை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே தேடிச் சரிபார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து நம்பவேண்டியதில்லை.

கையில் பணம் குறைவாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். ஏசிசி சான்றுக்காக 100 மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பயிற்சிநிலைக் கோச்சுகள் குறைந்த கட்டணத்துக்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு மேலே அனுபவமுள்ள ஒருவர் வழிநடத்துவதும் உண்டு. புதியவர் என்பதற்காக ஒதுக்காதீர்கள், ஆர்வமாகக் கேட்பார்கள்.

சான்று ஒரு வடிகட்டிதான். அதற்குப் பிறகு நான் முக்கியமாக நினைப்பது மொழி. எந்த மொழியில் கோபப்படுகிறீர்களோ அந்த மொழியில் பேசுகிற கோச்சைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் பேசினால் நான் என்னை அறியாமலே பயோடேட்டா பாஷைக்குப் போய்விடுவேன், எல்லாம் வேலைக்கான நேர்முகத்தேர்வு மாதிரி ஆகிவிடும். தமிழில் "மனசு ஒட்டல", "சலிப்பா இருக்கு", "கை துறுதுறுங்குது" என்று சொல்ல வரும்போதுதான் உண்மை வெளியே வருகிறது. "பிடிப்பு" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குறிக்கோள் என்றால் தூரத்தில் இருக்கிற ஒன்று. பிடிப்பு கையில் இருக்கிற ஒன்று, இன்றைக்குப் பற்றிக்கொள்ளக் கூடியது.

இரண்டு மூன்று பேரோடு அறிமுகப் பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இருபது, முப்பது நிமிடம் இலவசமாகத் தருவார்கள். ஜூமிலோ நேரிலோ இருக்கலாம். கேட்கவேண்டியவை: எங்கே பயிற்சி எடுத்தீர்கள், என் மாதிரி சூழலில் இருப்பவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, அமர்வுகளுக்கு நடுவில் என்ன செய்யச் சொல்வீர்கள், எந்த நிலையில் இது போதும் என்று நிறுத்துவீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் யோசியுங்கள். பேச்சு முடிந்ததும், யார் அதிகம் பேசினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முப்பது நிமிடத்தில் இருபத்தைந்து அவர் தன் கதையையே சொல்லியிருந்தால் வேண்டாம்.

நான் ஏமாந்த கதை

கோச்சிடம் போவதற்கு ஆறு மாதம் முன்னால், ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் நோக்கம் தேடும் முகாமுக்குப் போனேன். ஆளுக்கு 6,000 ரூபாய். இருநூறு பேர் இருந்திருப்போம். சத்தமான பாட்டு, கைதட்டல், கண்ணை மூடி அழவைக்கும் பயிற்சி. நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அந்த நேரத்துக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மதியம் "இந்த அறையை விட்டுப் போகும் முன் முடிவெடுத்தால் மட்டும்" என்று சொல்லி, ஒன்றரை லட்ச ரூபாய் வருடத் திட்டத்தைக் கையில் திணித்தார்கள். இஎம்ஐ போட்டுத் தர மேசையில் ஆள் உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் இருந்த ஒரு பெண் நகையை வைத்துக் கட்டுவதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே இந்த அடையாளங்களைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்: உத்தரவாதம் தருவது, இன்றைக்கு மட்டும் தள்ளுபடி என்பது, சந்தேகம் கேட்டால் "உங்க மனத்தடை" என்பது, குடும்பத்தாரிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள் என்பது, வேலையை விட்டால்தான் வழி திறக்கும் என்பது.

அந்த முகாமில் நான்கு வட்டம் போட்ட ஒரு தாள் கொடுத்தார்கள். பிடித்தது, நன்றாக வருவது, உலகுக்குத் தேவையானது, காசு வருவது. நாலும் சந்திக்கிற நடுவில் இருப்பது இகிகாய், அதாவது வாழ ஒரு காரணம், ஜப்பானியர்களின் பழைய ரகசியம் என்றார்கள். நடுவில் எழுத எனக்கு எதுவுமே வரவில்லை, வீட்டுக்கு வந்தும் அந்தத் தாள் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வட்டங்களை வரைந்தவர் ஆந்த்ரேஸ் சுசுனாகா என்ற ஸ்பெயின் நாட்டு ஜோதிடர். நடுவில் அவர் எழுதியிருந்தது நோக்கம் என்ற சொல். 2014இல் மார்க் வின் என்பவர் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றி இகிகாய் என்று போட்டார், படம் உலகமெங்கும் பரவிவிட்டது.

ஜப்பானில் இகிகாயைப் பற்றி ஆழமாக எழுதியவர் மியேகோ காமியா என்ற மனநல மருத்துவர். நாகாஷிமா தீவில் தொழுநோயாளிகளுக்கான இல்லத்தில் வேலை செய்தவர். ஒரே நோய், ஒரே தீவு, ஒரே தனிமை. அப்படியிருந்தும் சிலர் வாழ்வில் பற்றோடு இருக்கிறார்கள், சிலருக்கு எல்லாம் வெறுமையாக இருக்கிறது, ஏன்? இந்தக் கேள்வியிலிருந்துதான் அவருடைய 1966ஆம் வருட நூல் பிறந்தது. அங்கே காசு வட்டத்துக்கு இடமே இல்லை. காலையில் எழ ஒரு காரணம் இருந்தால் அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கணக்கில் வரும். இதைப் படித்த அன்று எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. உங்கள் கோச் வட்டங்களைக் கொடுத்தால் வரைந்து பாருங்கள், தப்பில்லை. நடு காலியாக இருந்தால் அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழுத்தில் வாங்கவேண்டியவை

ஆரம்பிக்கும் முன் ஒரு பக்க ஒப்பந்தம் வாங்குங்கள், மின்னஞ்சலில் இருந்தாலும் போதும். எத்தனை அமர்வு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், கட்டணம், வரமுடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்லவேண்டும், நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் என்ன ஆகும், பேசுவது யாருக்கும் போகாது என்ற உறுதி, அமர்வைப் பதிவு செய்வார்களா. ஐசிஎஃப் நெறிமுறையில் ஒப்பந்தமும் ரகசியக் காப்பும் இருக்கின்றன, அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டு எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதும் இருக்கிறது. உங்கள் கம்பெனி பணம் கட்டுகிறது என்றால் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: என் மேலாளருக்கு எது போகும், எது போகாது?

நான் ஒரு அமர்வுக்கு 3,000 ரூபாய் கொடுத்தேன். மொத்தத்தையும் முன்கூட்டியே கட்டாமல் இரண்டிரண்டு அமர்வாகக் கட்டினேன். ரசீது வாங்கி வையுங்கள். பணத் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

அமர்வுக்குள்

முதல் அமர்வில் என் கோச் என் நோட்டைக் கேட்டு வாங்கினார். வேலைக்குப் போய் ஓய்வுபெற்ற பெண், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பதினாலு நாள்ல நாலு கூட்டல் குறி பெரிசா போட்டிருக்கீங்க. நாலும் எங்க விழுந்திருக்குன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்."

படித்தேன். ஒன்று, பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றுக்காக வந்த 78 வயதுப் பெரியவர். கைரேகை தேய்ந்துபோய்க் கருவியில் பதியவே இல்லை. முக அடையாளம் வைத்துச் செய்யலாம் என்று பார்த்துப் பார்த்து 25 நிமிடம் அவரோடு நின்றிருக்கிறேன். இரண்டாவது, ஒரு அம்மாவுக்கு நாமினி படிவம். மூன்றாவது, கவுண்டரில் ஒருவருக்கு வட்டிக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியது. நான்காவது, மகனுக்கு வீட்டில் கூட்டுவட்டி.

"இதுல எது உங்க வேலை?"

எதுவுமே இல்லை. மூன்று வருடம் முன்னால் பதவி உயர்வு வாங்கிக் கடன் பிரிவுக்குள் போயிருந்தேன். கவுண்டரில் ஆள் குறைந்த நாட்களில் மட்டும் வெளியே வந்து உட்காருவேன். பிடிப்பு போய்விட்டது என்று நான் சொல்லத் தொடங்கியதும் சரியாக மூன்று வருடம் முன்னால்தான். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். நானும் பேசவில்லை.

கோச்சிங்கில் அந்த மௌனத்துக்குப் பழகிக்கொள்ளுங்கள். நாம் சும்மா இருந்தால் மரியாதைக்குறைவு என்று எதையாவது பேசி நிரப்பப் பார்ப்போம். நிரப்பாமல் இருந்தால் அடியில் இருப்பது மேலே வரும்.

அமர்வுகள் பெரும்பாலும் ஒரு ஓட்டத்தில் போகும். ஜான் விட்மோர் என்ற பிரிட்டிஷ் கோச் 1992இல் பரவலாக்கிய முறை இது: என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது செய்யப்போகிறீர்கள். நாலாவது கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்லாமல் எழுந்திருக்காதீர்கள். "பார்க்கிறேன்" என்றால் என் கோச் விடமாட்டார், "எந்தக் கிழமை?" என்பார்.

இன்னொன்று, கோச்சுக்குப் பிடித்த பதிலைச் சொல்லாதீர்கள். நாம் பள்ளியிலிருந்தே வாத்தியார் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகியவர்கள். அவர் தலையாட்டுகிற பக்கம் நம் வார்த்தையும் சாயும். மூன்றாவது அமர்வில் "சமுதாயத்துக்கு நிதி விழிப்புணர்வு" என்று பெரிதாக ஒன்று சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதைச் சொல்றப்ப உங்க குரல் ஏன் மேடைக்குப் போச்சு?" உண்மைதான்.

மூன்று அமர்வு முடிந்தும் நோட்டில் ஒரு புது வரி சேரவில்லை, நீங்கள் ஒரு காரியமும் செய்து பார்க்கவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். சொன்ன பிறகும் மாறாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். கோபித்துக்கொள்வாரே என்ற தயக்கம் இங்கே வேண்டாம்.

செய்து பார்ப்பது

முழு வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமான இடம் இதுதான். யோசித்துக்கொண்டே இருந்தால் பிடிப்பு வராது. மூன்று சின்ன சோதனைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேர வரம்பு, பண வரம்பு, முடிவுத் தேதி. எதைப் பார்த்தால் "ஆமாம்", எதைப் பார்த்தால் "இல்லை" என்று முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆசை நம்மை ஏமாற்றிவிடும்.

என்னுடைய முதல் சோதனை வீணை. ஒரு மாதம், வாரம் ஒரு வகுப்பு. ஆமாம் என்பதற்கு அடையாளம், யாரும் சொல்லாமல் சாதகத்துக்கு உட்காருவது. நான்கு வாரத்தில் இரண்டு முறைதான் உட்கார்ந்தேன். கேட்கப் பிடித்திருந்தது, வாசிக்க உட்காருவது கடமையாக இருந்தது. இருபது வருட ஏக்கம் ஒரு மாதத்தில் தெளிந்தது. கொஞ்சம் வருத்தம், அப்புறம் பெரிய நிம்மதி.

இரண்டாவது, வங்கி விஷயங்களைச் சொல்லும் யூடியூப் சேனல். இரண்டு வீடியோ எடுத்தேன். கேமராவைப் பார்த்துப் பேச எனக்கு உயிர் வரவில்லை. எதிரில் ஒரு முகம் சுருங்கி, பிறகு விரியவேண்டும். அது இல்லாவிட்டால் என் தெம்பு இறங்கிவிடுகிறது என்பதை அதில்தான் கண்டேன்.

மூன்றாவது, எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் இரண்டு சனிக்கிழமை. வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நாலாவது சனி விடுமுறை. நூலகரிடம் கேட்டு "வங்கிப் படிவம் நிரப்ப உதவி, கட்டணம் இல்லை" என்று ஒரு தாள் ஒட்டினேன். முதல் சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள், இரண்டாவதில் பதினோரு பேர். கணவர் இறந்து நாலு வருடமாக டெபாசிட் ரசீதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்த ஒரு அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அன்று சாப்பிட மறந்து மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனேன். நோட்டில் எழுதவேண்டிய தேவையே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வங்கி, அரசு வேலையில் இருப்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு வெளிவேலை செய்ய அனுமதி வேண்டும். இலவசமாகச் செய்வதையும் நான் மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் தொடங்கினேன். உங்கள் நிறுவன விதியைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

சோதனை வெற்றி என்றதும் வேலையை விடத் தோன்றும். பொறுங்கள். ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைக் கவனித்தார்கள். ஒரே வேலைதான். சிலருக்கு அது வெறும் தரை துடைப்பது. வேறு சிலர் நோயாளியோடு ஒரு வார்த்தை பேசுவது, வந்தவர்களுக்கு வழி காட்டுவது என்று வேலையைக் கொஞ்சம் விரித்துக்கொண்டு, நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருப்பதாக உணர்ந்தார்கள். 2001இல் அவர்கள் எழுதிய இந்தக் கருத்து, வேலையை உள்ளிருந்தே செதுக்கிக்கொள்வது, பெரும்பாலான நடுத்தர வயதுக்காரர்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். நான் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: வாரத்தில் ஒரு நாள் காலை கவுண்டரில் உட்காருவது. மேலாளர் சந்தோஷமாகக் கொடுத்தார், அங்கே எப்போதும் ஆள் குறைவுதானே.

வீட்டில் பேசுவது

கோச்சிங்கில் கேட்கப்படும் பல கேள்விகள், நீங்கள் தனி ஆள் என்ற நினைப்பில் செய்யப்பட்டவை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" நல்ல கேள்விதான். ஆனால் என் வீட்டில் வீட்டுக்கடன் இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பையன் இருக்கிறான், முழங்கால் வலியோடு மாமியார் இருக்கிறார். அவர்களைத் தாண்டி வருகிற பிடிப்பு எனக்கு வேண்டாம். இதைக் கோச்சிடம் வெளிப்படையாகச் சொன்னேன். நல்லவேளை, "குடும்பத்தை எல்லைக்கோடா வைச்சுக்கிட்டு உள்ளே எவ்வளவு இடம் இருக்குன்னு பார்க்கலாம்" என்றார்.

அதற்காக ஒரு அமர்வு முழுவதும் செலவழித்தோம். நான் வீட்டில் எப்படிப் பேசப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு சனிக்கிழமையும் போகிறேன் என்றபோது என் கணவர் சொன்னது, "நீ வீட்ல இருக்கிறதே அந்த ரெண்டு சனிக்கிழமைதான்." கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் தைத்தது. நாலாவது சனி மட்டும் நூலகம், இரண்டாவது சனி வீடு என்று முடிவானது. மாமியார் தன் பென்ஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாலாவது சனிக்கு என்னோடு ஆட்டோவில் வர ஆரம்பித்தார். இதை யாரும் திட்டமிடவில்லை.

வருமானம் குறையும் முடிவாக இருந்தால், ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்கிறதா என்று வீட்டோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். அந்தக் கணக்கில் கோச்சுக்கு வேலை இல்லை.

ஒரு வரியாக எழுதி, நிறுத்துவது

கடைசி அமர்வுக்கு முன்னால் உங்கள் பிடிப்பை ஒரு வரியில் எழுதுங்கள். அதை உரசிப் பார்க்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் டேமன் தரும் விளக்கம் உதவும். அவர் பார்வையில் நோக்கம் என்பது நீடித்து நிற்கும் எண்ணம், அது தனக்கும் அர்த்தமுள்ளதாக இருக்கவேண்டும், தன்னைத் தாண்டிய உலகுக்கும் ஏதாவது செய்யவேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மீண்டும் எழுதுங்கள். என் வரி ஐந்து முறை மாறி இப்படி நின்றது: பணத்தைக் கண்டு பயப்படுகிற வயதானவர்களுக்கு அந்தப் பயம் போகும்வரை பக்கத்தில் உட்காருவது. பெரிய வார்த்தை எதுவும் இல்லை, என் குரலும் மேடைக்குப் போகவில்லை.

வரி கிடைத்துவிட்டால் அமர்வுகளை நீட்டாதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு மறுபார்வைக்குத் தேதி குறித்துக்கொண்டு விடைபெறுங்கள். நான் அந்த மறுபார்வைக்குப் போனபோது ஒரு புகார் கொண்டுபோனேன். கூட்டம் சேர்ந்துவிட்டது, களைப்பாக இருக்கிறது, ஒரு மாதம் வேண்டாவெறுப்பாகப் போனேன் என்றேன். "யார் வந்தா களைப்பா இருக்கு?" என்று கேட்டார். யோசித்தேன். கடன் கேட்டு வருகிறவர்கள். அது எனக்கு மீண்டும் கடன் பிரிவாகிவிட்டிருந்தது. மறுநாளே நூலகத் தாளில் ஒரு வரி சேர்த்தேன், கடன் விவரங்களுக்குக் கிளையை அணுகவும் என்று. அந்த நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்கு மட்டும் இருபத்தாறு பேர் வந்தார்கள். கைரேகை தேய்ந்த அந்த 78 வயதுப் பெரியவர், 79 ஆகியிருந்தார், தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.